இசோகுராவின் துருப்பிடிக்காத கைப்பிடி

மனிதகுலம் இதுவரை செய்த காரியங்களில் ஆகச் சிறந்தது எஃகின் மேல் பிளாஸ்டிக் பூசியதுதான். இதை நான் நன்றாக யோசித்தே சொல்கிறேன். சந்திரனுக்குப் போய்வந்ததைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். போனார்கள், வந்தார்கள், அங்கே உப்புக்காற்று கிடையாது. எங்கள் இசோகுரா துறைமுகத்தில் ஒரே ஒரு குளிர்காலம் நின்று காட்டியிருந்தால் அந்த ராக்கெட்டின் யோக்கியதை தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர்க் காற்று தின்னாத இரும்பு இல்லை. என் சைக்கிளைத் தின்றது. தபால்பெட்டியின் மூடியைத் தின்றது. பள்ளிக்கூடத்து ஊஞ்சல் சங்கிலியைத் தின்று, ஊஞ்சலை வெறும் பலகையாக்கியது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ப்பலகையில் 'மீனவர்' என்ற எழுத்துகளை முழுதாகத் தின்றுவிட்டு, 'கூட்டுறவு' என்பதை மட்டும் தொடாமல் விட்டது. அது செரிக்காது என்று காற்றுக்கே தெரிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட காற்று பல் வைக்க முடியாமல் தோற்றுப்போன இடம் ஒன்று உண்டு. துறைமுகத்திலிருந்து குன்றின் மேலுள்ள கோயிலுக்குப் போகும் கற்படிகளின் ஓரத்தில் நிற்கும் பச்சைக் கைப்பிடிக் கம்பி. சுனாமி வந்தால் ஊரே ஏறித் தப்பிக்க வேண்டிய படிகள் அவை. கம்பிக்குள் எஃகு, வெளியே பச்சை பிளாஸ்டிக். வைத்து முப்பது வருஷம் ஆகிறது. இன்றுவரை வெளுக்கவில்லை, உரியவில்லை, விரியவில்லை. மழை பெய்தால் புதுத் தேயிலைபோல மினுங்கும்.

திறப்பு விழாவன்று கம்பெனிக்காரர் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“இதுக்கு ஐம்பது வருஷம் உத்தரவாதம்! பூச்சுல கீறல் விழாத வரைக்கும் உள்ள துரு எட்டிக்கூடப் பாக்காது!”

நாங்கள் கைதட்டினோம். சில வருஷங்களில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். உத்தரவாதம் மட்டும் நகராட்சி அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுகமாக இருக்கிறது.

'பூச்சில் கீறல் விழாத வரைக்கும்' என்ற அந்தச் சொல்லைப் பேரிடர்த் தடுப்புப் பிரிவு எவ்வளவு பொறுப்போடு ஏந்திக்கொண்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். முதலில், குடை முனை கம்பியில் படக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அடுத்து, மோதிரம் போட்டவர்கள் தொட வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்து நகம் வளர்த்தவர்கள். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே பலகையாக வைத்தார்கள்: 'கைப்பிடியைப் பிடிக்க வேண்டாம். சுனாமியின்போது மட்டும் பிடிக்கவும்.'

பராமரிப்பிலும் குறையில்லை. மாதந்தோறும் நெமோதோ வருவார். பிரிவில் பழைய ஊழியர். வட்ட முகம், வெள்ளைக் கையுறை, தலைக்கவசம். வரும் வசந்தத்தில் பணி ஓய்வு. அதுவரை எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை. ரயில் ஓட்டுநர் சிக்னலைச் சுட்டிக்காட்டிக் குரல் கொடுப்பதுபோல, இவரும் ஒவ்வொரு கம்பத்துக்கும் எதிரே விறைப்பாக நிற்பார். கையை நீட்டுவார். விரலால் சுட்டுவார். அடிவயிற்றிலிருந்து கூவுவார்:

“பூச்சு, நலம்!”

கடற்காகங்கள் பறக்கும். அடுத்த கம்பம். “பூச்சு, நலம்!” இப்படியே உச்சிவரை. விரலால் சுட்டி வாயால் கூவிவிட்டால் அது நடந்து முடிந்த ஆய்வு. திரும்பப் பெற முடியாது. எங்கள் நாட்டில் ரயில்கள் இப்படித்தான் நேரத்துக்கு ஓடுகின்றன.

இந்தச் சீரான ஏற்பாட்டுக்குள் மூக்கை நுழைத்தவள் என் தோழி தோகிவா. படிகளின் அடிவாரத்தில், முதல் கல்லை ஒட்டி அவள் வீடு. ஐம்பது வருஷம் கணவாய் மீன் அறுத்துக் காயப்போட்ட கை. முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் போகவில்லை. ஒருநாள் நெமோதோவை வழிமறித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“நெமோதோ-சான், கொஞ்சம் நில்லுங்க. இதை ஒருதடவை ஆட்டிப் பாருங்க.”

“ஆட்டக் கூடாதுங்க. பூச்சு தேயும்.”

“சரி, நான் ஆட்டறேன். நீங்க காதை மட்டும் குடுங்க.”

ஆட்டினாள். கோயிலில் குறிச்சீட்டுப் பெட்டியைக் குலுக்கினால் கேட்குமே, அப்படிச் சலசலவென்று உள்ளே ஏதோ உருண்டது.

“காத்துங்க” என்றார் நெமோதோ.

“காத்து கம்பிக்கு உள்ளயா அடிக்குது?”

“இது உள்காத்து.”

“அப்போ அடியில பாருங்க. கல்லு மேல செவப்பா வடிஞ்சிருக்கே, அது என்ன?”

“அது கல்லோட கறைங்க. கல்லு கோயிலுக்குச் சேர்ந்தது. எங்க பொறுப்பு பூச்சு மட்டும்தான்.”

“ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல, பூச்சைச் சீவிட்டு உள்ள எட்டிப் பாத்துடலாமே?”

நெமோதோ தன் வயிற்றையே சீவச் சொன்னதுபோல இரண்டடி பின்வாங்கினார். “சீவினா உத்தரவாதம் போயிடுங்க!”

“உத்தரவாதம் குடுத்த கம்பெனி எங்க?”

“அது... போயிடுச்சு.”

“துருப்பிடிச்சா?”

நெமோதோ குனிந்து வணங்கிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார். “பூச்சு, நலம்!” குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதே வாரம் என் வீட்டில் துணி காயப்போடும் கோல், வெயிலில் உலர்த்தப் போட்டிருந்த மெத்தையோடு இரண்டாக மடங்கி விழுந்தது. அதுவும் பிளாஸ்டிக் பூசிய எஃகுதான், அதே கம்பெனிதான், அதே பச்சைதான். மடிந்த இடத்திலிருந்து செங்கல் பொடிபோல ஒன்று மெத்தை மேல் கொட்டியது. வெளியே பூச்சு புத்தம் புதிதாக இருந்தது. கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் தோகிவாவும் நகராட்சிக்குப் போனோம்.

பிரிவுத் தலைவர் குவாஜிமா எங்களை உட்காரவைத்துப் பார்லித் தேநீர் கொடுத்தார். வாட்டசாட்டமான மனிதர். பேரிடர்த் தடுப்புச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, கழுத்துவரை பித்தான் பூட்டியிருப்பார். அந்தச் சட்டையில் நான் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை. கோலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடேயப்பா! பூச்சு எவ்வளவு ஜோரா இருக்கு பாத்தீங்களா?”

“உள்ள பாருங்க தலைவரே” என்றேன்.

“ஃபுசாயே-சான், துணி காயப்போடற கோல் வீட்டு உபயோகப் பொருள். அதுக்கு நுகர்வோர் பிரிவு, ரெண்டாவது மாடி. எங்க கைப்பிடியில ஏதாவது கீறல் பாத்தீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? கீறல் இல்லேன்னா துரு இல்ல. ஐம்பது வருஷம். சுவத்துல இருக்கு பாருங்க.”

பார்த்தோம். இருந்தது.

“கம்பி உறுதியாத்தான் இருக்கு” என்று தலைவர் தேநீரை உறிஞ்சினார். “எங்க கவலையெல்லாம் கம்பியைப் பத்தி இல்ல. அதைப் பிடிச்சு ஏறுறவங்களைப் பத்தி.”

அவர் கவலைப்பட்டதன் விளைவாக ஒரு திட்டம் பிறந்தது. 'சுயபலத்தால் ஏறும் முதியோர்' என்று பெயர். வரும் பயிற்சியில் பத்து நிமிஷத்துக்குள் யார் துணையும் இல்லாமல் உச்சியை அடைகிற முதியவர்கள் துறைமுகத்தில் தங்கலாம். முடியாதவர்களை, அவர்களுடைய நன்மைக்காக, மலைக்குப் பின்னாலிருக்கும் 'அமைதிப் பூந்தோட்டம்' இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். துறைமுகத்தில் முழங்கால் போன முதியவர் தோகிவா ஒருத்திதான். ஒருவருக்காகவே ஒரு திட்டம் தீட்டும் அரசு எங்கே கிடைக்கும்?

“நான் போகமாட்டேன் ஃபுசாச்சான்” என்றாள் தோகிவா, அன்று திரும்பி வரும்போது. “அந்தப் பக்கம் கடல் சத்தமே கேக்காதாம். அலை அடிக்காத ஊர்ல ராத்திரி எப்படித் தூங்குவாங்க? வாரத்துக்கு ரெண்டுநாள் காகிதம் மடிச்சுப் பூ செய்யச் சொல்லுவாங்களாம். கணவாய் அறுத்த கையில காகிதப் பூவா?”

“அப்போ ஏறிக் காட்டு.”

“கம்பியைப் பிடிச்சா ஏறிடுவேன். கம்பிதான் என்னைப் பிடிக்கணும்.”

பயிற்சி நாள் வந்தது. சங்கு ஊதியது. மாதர் சங்கத்தார் உச்சியில் பன்றிக்கறி மிசோ சூப்பைக் கொதிக்கவிட்டிருந்தார்கள். 'துருவை வென்ற முப்பது ஆண்டுகள்' என்று கோயில் வாசலில் ஒரு துணிப்பதாகை. அதற்கடியில் தலைவர் குவாஜிமா, சுருக்கமில்லாமல். கையில் நேரக் கடிகாரத்தோடு நெமோதோ. பயிற்சி என்பதால் அன்று மட்டும் கைப்பிடியைப் பிடிக்க அனுமதி.

தோகிவா ஏறினாள். ஒவ்வொரு கல்லாக, மூச்சை எண்ணிக்கொண்டு, பச்சைக் கம்பியை நம்பி. பாதி வழிவரை நன்றாகத்தான் போனாள். நடுத் திருப்பத்தில் முழு எடையையும் கம்பியில் போட்டாள். கம்பி உடையவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது வணங்கியது. எங்கள் அலுவலகங்களில் மன்னிப்புக் கேட்கும்போது இடுப்பிலிருந்து குனிவார்களே, அவ்வளவு மரியாதையாகக் குனிந்தது. அதன் நுனி மூடி கழன்று, உள்ளேயிருந்து செந்தூள் ஒரு கூடை அளவுக்குக் கொட்டியது. தோகிவா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, மலைப்பக்கம் விழுந்தாள். கடல்பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு சிரித்துச் சொல்லமாட்டேன்.

தலைவர் ஓடிவந்தார். தோகிவாவைத் தாண்டிப் போய்க் கம்பியின் முன் மண்டியிட்டார். மடங்கிய இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். எழுந்து நின்றபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஒரு கீறல் இல்ல! இவ்வளவு வளைஞ்சும் பூச்சுல ஒரு கீறல்கூட இல்ல!”

சிலர் கைதட்டினார்கள். பழக்கம்தான், வேறென்ன. நெமோதோ ஒற்றைக் கையால் கம்பியை நிமிர்த்தி வைத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைத் தூக்குவதுபோல அவ்வளவு லேசாக வந்தது. மூடியைச் செருகினார். பிறகு தலைவரின் முகத்தைப் பார்த்தார், செந்தூளைப் பார்த்தார், கையை நீட்டினார்.

“பூச்சு, நலம்.”

முடிவு அன்று மாலையே ஒலிபெருக்கியில் வந்தது. கைப்பிடி: தேர்ச்சி. தோகிவா: தேர்ச்சியில்லை. அவளை இல்லத்துக்கு மாற்றுவதற்குமுன் முழங்கால்களை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்றும் அறிவித்தார்கள்.

“எதுக்கு எக்ஸ்ரே?” என்று தோகிவா என்னிடம் கேட்டாள்.

“உள்ள தேஞ்சிருக்கான்னு பாக்க.”

“எனக்கு மட்டும் உள்ள பாப்பாங்களாமா?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு கடைத்தெருவுக்குப் போய் ஒரு மழையங்கி வாங்கி வந்தோம். பிளாஸ்டிக். பச்சை. தலை முதல் கணுக்கால்வரை. நிறத்தைக் கைப்பிடியோடு வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அதிகாரிகள் வந்த அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. தோகிவா வாசலில் மழையங்கிக்குள் நின்றாள். பித்தான்கள் தாடைவரை. முக்காட்டைப் போட்டு இறுக்கியிருந்தாள். மூக்கு மட்டும் தெரிந்தது.

“என்ன தோகிவா-சான், மழையே இல்லையே?” என்றார் தலைவர்.

“இது என் பூச்சு.”

“அதைக் கழட்டுங்க. முழங்காலைப் பாக்கணும்.”

“கழட்டினா உத்தரவாதம் போயிடுங்க” என்றேன் நான்.

“ஃபுசாயே-சான், விளையாடாதீங்க. இது அரசாங்கப் பரிசோதனை.”

“நாங்களும் அரசாங்க முறையிலதான் நிக்கறோம். கீறல் இருக்கா, சுத்திவந்து பாருங்க. கீறல் இல்லேன்னா துரு இல்ல. நீங்க சொன்னதுதானே? பாருங்க நெமோதோ-சான், நல்லா பாருங்க.”

நெமோதோ பார்த்தார். பச்சை. பளபளப்பு. நேராக நிற்கிறது. அவருடைய வலது கை தானாக எழுந்தது. அவர் தடுக்கப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். இடது கையால் பிடித்துக்கூடப் பார்த்தார். முப்பது வருஷத்து வலது கை. விரல் நீண்டது. வாய் திறந்தது.

“பூச்சு, நலம்!”

“நெமோதோ!” என்று கத்தினார் தலைவர்.

“மன்னிக்கணுங்க... வந்துடுச்சுங்க.”

“கூவியாச்சு” என்றாள் தோகிவா, முக்காட்டுக்குள்ளிருந்து. “சுட்டியாச்சு, கூவியாச்சு, முடிஞ்சது. இப்போ சொல்லுங்க தலைவரே. அந்தக் கம்பி தேறிச்சுன்னா நானும் தேறிட்டேன். நான் தேறலேன்னா அந்தக் கம்பியும் தேறல. எது?”

தலைவர் கம்பியைப் பார்த்தார். தோகிவாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்த நேரத்தில்தான் தரை ஆடியது.

பெரிய ஆட்டம் இல்லை. ஆனால் நீண்டது. அலமாரியிலிருந்து கிண்ணம் விழுந்து உருண்டது. எல்லாம் அடங்கிய ஒரு நொடிக்குப் பிறகு ஒலிபெருக்கி அலறியது: சுனாமி எச்சரிக்கை, உயரமான இடத்துக்குச் செல்லுங்கள், இது பயிற்சி அல்ல.

தலைவர் குவாஜிமா ஊருக்கே முன்மாதிரியாக முதல் ஆளாய்ப் படிகளை நோக்கிப் பாய்ந்தார். ஆனால் நகர முடியவில்லை. அவருடைய இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து தோகிவா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கணவாய் அறுத்த கை அது, வழுக்குகிற எதையும் விடாது.

“விடுங்க! என்ன பண்றீங்க? கைப்பிடியைப் பிடிச்சு ஏறுங்க!”

“நீங்க முதல்ல பிடிச்சுக் காட்டுங்க. அடுத்த நொடி நான் பிடிக்கறேன்.”

எங்களுக்குப் பின்னால் துறைமுகமே வந்து நின்றது. வலை பின்னுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், பள்ளி ஆசிரியை, கோயில் பூசாரி. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கம்பியைப் பார்த்தார். வலது கையை நீட்டினார். பச்சைப் பூச்சுக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது அந்தக் கை நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிவந்து சட்டைப்பைக்குள் போய்விட்டது.

முப்பது வருஷத்தில் அந்தக் கம்பிக்கு நடந்த உண்மையான ஆய்வு அது ஒன்றுதான். ஊர் முழுக்கப் பார்த்தது. எல்லோரும் படிகளின் நடுவே ஏறத் தொடங்கினோம்.

“இழுங்க தலைவரே!” என்றாள் தோகிவா.

“முடியலங்க... கனமா இருக்கீங்க...”

“உள்ள எலும்பு இருக்குல்ல, கனக்கத்தான் செய்யும். ஆடாம போங்க, பூச்சு தேஞ்சிடப் போகுது.”

“நெமோதோ, கொஞ்சம் பின்னாலேருந்து தள்ளேன்யா!”

“தள்ளறேங்க. யாரைத் தள்ளட்டும்?”

நடுத் திருப்பத்தில், செந்தூள் இன்னும் ஒட்டியிருந்த கல்லைத் தாண்டும்போது தோகிவாவின் முழங்கால் மடங்கியது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் யாரும் வேடிக்கை பேசவில்லை. தலைவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அதை நான் மறைக்கமாட்டேன். கஞ்சி போட்ட சட்டை அக்குள் வரை கிழிந்தது.

உச்சியை அடைந்தோம். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அலை வந்தது, படகுத்துறையின் முதல் கல்லை நனைத்தது, தவறான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளிபோலத் திரும்பிப் போயிற்று. ஒரு மணி நேரத்தில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

நெமோதோ தன் நேரக் கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் கிளம்பும்போதே அழுத்தியிருக்கிறார், பழக்கம். “தோகிவா-சான், ஒன்பது நிமிஷம்” என்றார்.

“துணையோட ஏறினாங்களே!” என்றார் தலைவர், மூச்சிரைக்க.

“துணை இல்லீங்க” என்றார் பூசாரி. “அவங்க கைப்பிடியைத்தான் பிடிச்சு வந்தாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம்.”

ஊரே தலையாட்டியது. தோகிவா மழையங்கியின் முதல் பித்தானைக் கழற்றினாள். இனி அது தேவைப்படாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தலைவர் பதவிக்கேற்ற மனிதர். இரண்டு நிமிஷத்தில் தன்னைச் சரிசெய்துகொண்டார். கிழிசல் தெரியாமல் கையை உடம்போடு ஒட்டிவைத்தார். கழுத்துப் பித்தானைப் பூட்டினார். ஒலிபெருக்கியை வாங்கினார்.

“அன்பான இசோகுரா மக்களே! முப்பது ஆண்டுகளாக நம்மைக் காத்துவரும் பச்சைக் கைப்பிடியின் உதவியால், இன்று அனைவரும் பத்திரமாக உச்சியை அடைந்தோம். நெமோதோ, இறுதி ஆய்வைச் செய்து முடிக்கவும்!”

நெமோதோ கைப்பிடியை நோக்கி விறைப்பாக நின்றார். வெள்ளைக் கையுறையை இழுத்துவிட்டார். கையை நீட்டினார். விரல் கம்பியைச் சுட்டியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நெமோதோவின் வாயிலிருந்து சத்தம் வராமல் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பிறகு விரல் அசைந்தது. கம்பியை விட்டுக் கோயில் தூணுக்கு வந்தது, தூணை விட்டுப் பதாகைக்கு வந்தது, பதாகையை விட்டு இறங்கித் தலைவரின் சட்டைக்கு நேராக வந்து நின்றது.

“பூச்சு, நலம்!”

கடற்காகங்கள் பறந்தன. நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் படகுச் சங்கத்தார் படிகளின் மற்ற ஓரத்தில் நங்கூரக் கயிறு ஒன்றை உச்சிவரை இழுத்துக் கட்டினார்கள். அதைப் பிடித்துத்தான் இப்போது ஏறுகிறோம், தோகிவாவும்தான். பச்சைக் கைப்பிடி இன்னும் அதன் இடத்தில் இருக்கிறது, தலைவர் குவாஜிமா இன்னும் அவருடைய இடத்தில் இருக்கிறார். மிச்சமிருக்கும் இருபது வருஷ உத்தரவாதத்தைப் பற்றி யாருக்காவது ஐயம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். இரண்டும் இனி துருப்பிடிக்கவே பிடிக்காது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். துரு பிடிக்க வேண்டுமானால் உள்ளே கொஞ்சமாவது இரும்பு இருக்க வேண்டுமே!